பூனைக்குட்டியை எப்போது வெளியே விடலாம்?

கதவைத் திறந்ததும் காலிடுக்கில் நுழைந்து ஓடப் பார்க்கிறது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்துகொண்டு தெருவையே வெறிக்கிறது. பாவமாக இருக்கிறதே, கொஞ்ச நேரம் விட்டால்தான் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதுமே பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

மூன்று மாதத்தில் விடக் கூடாது. ஆறு மாதமாவது ஆக வேண்டும். அதற்குள் தடுப்பூசிகள் முழுவதும் போட்டு, கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்து, கூப்பிட்டால் ஓடி வரும் பழக்கத்தையும் உண்டாக்கியிருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், வாசலுக்கு நேர் எதிரே பேருந்தும் லாரியும் ஓடும் சாலை இருந்தால் வெளியே விடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

“அது என்ன ஆறு மாதக் கணக்கு? எங்கள் பாட்டி வீட்டுப் பூனைகளெல்லாம் பிறந்ததிலிருந்தே வெளியில்தான் திரிந்தன” என்று நீங்கள் கேட்கலாம். திரிந்தது உண்மைதான். அந்த வீட்டில் பிறந்த குட்டிகளில் எத்தனை பெரிதாக வளர்ந்தன என்று பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள். ஒன்று நாயிடம் போயிருக்கும், ஒன்றைக் கடுவன் கடித்திருக்கும், ஒன்று காணாமல் போயிருக்கும். அன்று அதை இயல்பென்று எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் வளர்ப்பது ஒரே ஒரு குட்டியை.

இணையத்தில் தேடினால் ஒருவர் விடுங்கள் என்பார், இன்னொருவர் விடவே கூடாது என்பார். இரண்டு பேரும் அவரவர் ஊரை வைத்துப் பேசுகிறார்கள். பிரிட்டனில் பூனை வெளியே போய் வருவது வழக்கம். அங்கே நாய், பூனைகளிடம் வெறிநோய் இல்லை, தெருநாய்க் கூட்டமும் இல்லை. அப்படியிருந்தும் கருத்தடை முடிந்து ஐந்தாறு மாதம் ஆன பிறகுதான் விடச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நிலைமை நேர்மாறு. 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. காட்டுயிர்களைக் காப்பாற்ற அந்த ஏற்பாடு. நம் தெருவில் வெறிநோயும் உண்டு, நாயும் உண்டு. ஆகவே நம் கணக்கை நாமே போட வேண்டும்.

முதலில், உங்கள் குட்டிக்கு எத்தனை மாதம்? தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி என்றால் பிறந்த தேதி தெரிந்திருக்காது. வாயைத் திறந்து பாருங்கள். பால் பற்கள் விழுந்து புதிய முன்பற்கள் முளைக்கத் தொடங்கினால் மூன்றரை முதல் நான்கு மாதம். நீண்ட கோரைப் பற்கள் மாறிக்கொண்டிருந்தால் ஐந்து மாதத்தை ஒட்டி. முப்பது நிலைப்பற்களும் வந்துவிட்டால் ஆறு மாதம் தாண்டிவிட்டது. கண் இன்னும் குழந்தை நீலமாக இருந்தால் அது ஏழெட்டு வாரத்தைத் தாண்டாத குட்டிதான். எடையை வைத்தும் சொல்வார்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் கூடும். ஆனால் பட்டினி கிடந்து வந்த குட்டி வயதுக்கு மெலிந்து இருக்கும் என்பதால் பல்லை நம்புவதே நல்லது.

இனி தடுப்பூசி. இதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள்.

பூனைகளுக்குப் போடும் கலப்புத் தடுப்பூசி மூன்று நோய்களுக்கு எதிரானது. அவற்றில் கொடியது பேன்லுகோபீனியா (இரத்த வெள்ளணுக்களை அழித்து, வாந்தியிலும் பேதியிலும் குட்டியைக் கொல்லும் வைரஸ் நோய்). மற்ற இரண்டும் தும்மல், கண் பீளை, வாய்ப்புண் என்று வரும் பூனைச் சளி வகைகள். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில். அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும்.

ஒரே மருந்தை ஏன் திரும்பத் திரும்பப் போட வேண்டும்? தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் உடலில் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை, ஊசியில் உள்ள மருந்தையும் எதிரி என்று நினைத்து அடக்கிவிடும். சில குட்டிகளுக்கு அந்தச் சக்தி எட்டு வாரத்தில் தீரும், சிலவற்றுக்குப் பதினாறு வாரம்வரை நீடிக்கும். உங்கள் குட்டி எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கடைசி ஊசி முக்கியம். இரண்டு ஊசி போட்டாகிவிட்டது, போதும் என்று பன்னிரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். “பதினாறு வாரத்தில் ஒன்று போடலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி இதிலிருந்து தனி. அதைப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு போடுவார்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி போட வேண்டும். முதல் ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வீட்டுக்குள்ளேயே இருக்கிற குட்டிக்கு ஊசி எதற்கு?” பேன்லுகோபீனியா வைரஸ் மண்ணிலும் தரையிலும் ஒரு வருடம்வரைகூட உயிர்ப்போடு இருக்கும். உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். நாம் வாசலோரம் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். குட்டிக்குப் படுத்துப் புரள மிகவும் பிடித்த இடமும் அந்தச் செருப்புக் குவியல்தான். ஊசி முடியும்வரை செருப்புகளை உயரத்தில் வையுங்கள்.

கூடவே குடற்புழு நீக்கம். குட்டிப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் தாண்டியதும் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். தெள்ளுப்பூச்சிக்கு மருந்து வாங்கும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று, உறையின் மேல் “பூனைக்கு” என்று இருக்கிறதா என்று பாருங்கள். நாய்களுக்கான சொட்டு மருந்து, பவுடர் பலவற்றில் பெர்மெத்ரின் (பூச்சிக்கொல்லி மருந்து) இருக்கிறது. நாய் தாங்கும், பூனைக்கு அது நஞ்சு. வலிப்பு வந்து சாகும். “நாய்க்குப் போடுவதில் பாதி போடுங்கள்” என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது கருத்தடை. “இது இன்னும் குழந்தைதானே, அதற்குள் எதற்கு?” என்று தோன்றும். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். தானே குட்டியாக இருக்கும் ஒன்று மூன்று நான்கு குட்டிகளோடு மெலிந்து திரிவதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். ஆகவே ஐந்து மாத வாக்கில் அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது.

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எந்த நன்மையும் இல்லை. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பெண் பூனைகளுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வருவது வெகுவாகக் குறைகிறது என்பதுதான் மருத்துவர்கள் கண்டது.

ஆண் குட்டிதானே, நமக்கென்ன என்றும் இருந்துவிடாதீர்கள். கருத்தடை செய்யாத கடுவன் பெண் பூனையின் குரல் கேட்டால் எத்தனை தெரு தாண்டியும் போகும். வழியில் சாலை, நாய், ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய கடுவன். சண்டையில் பல் பட்ட இடம் மேலே மூடி உள்ளே சீழ் வைக்கும். பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி (பூனைகளுக்கு மட்டும் வரும், மனிதருக்குத் தொற்றாத வைரஸ்) பெரும்பாலும் இந்தக் கடிகளில்தான் பரவுகிறது.

இந்தச் சிகிச்சையை எங்கே செய்வது? தனியார் மருத்துவமனை கட்டுப்படியாகாது என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் இருக்கின்றன. மாவட்டங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டாலும் வழி சொல்வார்கள். பெட்டை என்று தெரிந்ததும் கோணிப்பையில் போட்டு மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது கொடுமை, பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இப்போது கூட்டிப் பாருங்கள். கடைசித் தடுப்பூசி பதினாறு வாரத்தில். அது உடலில் பிடிக்க இரண்டு வாரம். ஐந்து மாதத்தில் அறுவை சிகிச்சை, தையல் ஆற இரண்டு வாரம். எல்லாம் சேர்ந்தால் ஐந்தரை, ஆறு மாதம் வந்துவிடுகிறது. ஆறு மாதம் என்று நான் முதலில் சொன்னது இப்படி வந்ததுதான். உங்கள் குட்டிக்கு ஊசிகள் தாமதமாகத் தொடங்கியிருந்தால் கணக்கும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்.

ஆறு மாதம் ஆன பூனையைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்களா? அதற்கும் குறைந்தது மூன்று வாரம் வீட்டுக்குள் இருக்கட்டும். இந்த வீட்டு வாசனையும், சாப்பாடு கிடைக்கும் இடமும், உங்கள் குரலும் மனதில் பதியாமல் வெளியே விட்டால் பழைய இடத்தைத் தேடிப் போய்விடும்.

அந்தக் காலத்தை ஒரே ஒரு பழக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். சாப்பாடு வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரே மாதிரி சத்தம் கொடுங்கள். தட்டில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டலாம், தீனி டப்பாவைக் குலுக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எதுவானாலும் தினமும் அதே சத்தம், கேட்டு ஓடி வந்ததும் உடனே சாப்பாடு. சில வாரத்தில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து வரும். வயிறு நிறைந்திருக்கும்போது கூப்பிட்டும் வருகிறதென்றால் நன்றாகப் பழகிவிட்டது. இந்தச் சத்தத்தைக் கொடுத்து வரவழைத்துவிட்டு ஊசி போடவோ, குளிப்பாட்டவோ, திட்டவோ செய்யாதீர்கள். ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த தடவை யோசிக்கும். வெளியே ஆபத்து வரும் நேரத்தில் அந்த யோசனைக்கு இடமில்லை.

சரி, எல்லாம் முடிந்தது. முதல் நாள் எப்படி விடுவது?

காலைச் சாப்பாடு கொடுக்காமல் வைத்திருங்கள். அலுவலகம், பள்ளிக்கூடம் போகும் வண்டிகள் ஓய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் கதவைத் திறந்து வையுங்கள். தூக்கிக்கொண்டு போய் வெளியே விடாதீர்கள். அது தானே நடந்து போனால்தான் வந்த வழி தெரியும். வாசற்படியில் நின்று முகர்ந்துவிட்டு உள்ளே திரும்பினாலும் சரி, அன்றைக்கு அவ்வளவுதான்.

நீங்கள் படியில் உட்கார்ந்திருங்கள். பின்னாலேயே துரத்தாதீர்கள், கதவைச் சாத்தாதீர்கள். பயந்த குட்டி ஓடி வருவது திறந்த கதவை நோக்கித்தான்; அது மூடியிருந்தால் கண்ணில் படும் முதல் இடுக்கில் புகுந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு அந்தச் சத்தத்தைக் கொடுத்து, வந்ததும் வயிறாரச் சாப்பாடு வையுங்கள். பசியோடு போய், வீட்டில் வந்து சாப்பிடுவது என்பது மனதில் பதிய வேண்டும். நேரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

குட்டி கண்ணில் படாமல் போனால் காக்கைகளைக் கவனியுங்கள். பூனையைக் கண்டால் அவை கூட்டம் கூடிக் கத்தும். எந்த மரத்தில், எந்தச் சுவரின்மேல் கத்துகின்றன என்று பார்த்தால் குட்டி எங்கே பதுங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுவதும் உண்டு. நகங்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் ஏறுவது எளிது, தலைகீழாக இறங்க முடியாது. கீழே சாப்பாட்டை வைத்துவிட்டுப் பொறுமையாகக் கூப்பிட்டால் பின்பக்கமாகச் சறுக்கி இறங்கப் பழகிக்கொள்ளும்.

எந்த நேரத்தில் விடக் கூடாது? பொழுது சாய்ந்த பிறகு எக்காரணம் கொண்டும் வேண்டாம். நாய்கள் கூட்டமாகத் திரிவதும், கடுவன்கள் சண்டைக்கு வருவதும், வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குப் பூனை தெரியாமல் போவதும் இருட்டில்தான். இரவுச் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்கு முன் வைத்து உள்ளே வரவழைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். கத்திரி வெயிலில் நண்பகலில் மொட்டைமாடித் தரை பாதத்தைச் சுட்டுவிடும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியே இருக்கட்டும். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய பூனை எந்தத் திசையில் போகிறோம் என்று பார்ப்பதில்லை.

பூனைக்கு எல்லாத் தெருவும் ஒன்றல்ல. சுற்றுச்சுவரும் தோட்டமும் உள்ள வீடு, வண்டி அதிகம் வராத உள்தெரு, அக்கம்பக்கத்தில் பூனை பிடிக்கும் மனிதர்கள் என்றால் பகலில் விடலாம். விடுவதற்கு முன் நீங்கள் ஒரு சுற்று போய் வாருங்கள். மூடியில்லாத சம்ப், கைப்பிடி இல்லாத கிணறு, மதிலின்மேல் பதித்த கண்ணாடிச் சில்லு, எதிர்வீட்டு நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்துவிட்டிருக்கிறதா என்றெல்லாம் பூனையின் உயரத்தில் குனிந்து பாருங்கள்.

அண்டை வீட்டாரிடம் பேசிவிடுவது அதைவிட முக்கியம். “எங்க வீட்டுக் குட்டி இது, ஊசியெல்லாம் போட்டிருக்கோம், தொந்தரவு பண்ணினா சொல்லுங்க” என்று குட்டியைக் காட்டிச் சொல்லுங்கள். எலி மருந்து எங்காவது வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று கல்லெறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பக்கத்திலேயே இருந்தால், அந்தத் தெரு உங்கள் பூனைக்கு ஆகாது.

எலி மருந்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பூனை நேராக அதைத் தின்ன வேண்டும் என்பதில்லை. மருந்து தின்ற எலி தள்ளாடும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது குட்டிக்கு எளிது. இவ்வகை மருந்துகள் பலவும் இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை, ஆகவே பாதிப்பு தெரிய இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம். ஈறு வெளுத்துப் போதல், மூக்கில் இரத்தம், மூச்சிரைப்பு, சோர்ந்து கிடத்தல் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த வகைக்கு மாற்று மருந்தாக வைட்டமின் கே1 உண்டு, நேரத்தோடு போனால் பிழைக்கும்.

வெளியே போய் வந்த குட்டி காய்ச்சலோடு சுருண்டு படுத்தால், வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் கால் பங்கை உடைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வரும். கொடுக்காதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு என் பதில் நேரடியானது: வெளியே விடாதீர்கள், பால்கனியை மூடுங்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்று சொல்வார்கள். 1987இல் நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பதை மட்டும் பலர் எடுத்துச் சொல்கிறார்கள். அவை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகள். விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் வராது. பிழைத்தவற்றிலும் நெஞ்சில் அடிபட்டவை, தாடை பிளந்தவை, கால் முறிந்தவை பல. புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைக் குட்டி கடித்து ஓட்டை போட்டுவிடும் என்பதால், தடிமனான வலையோ சிறு கண் கொண்ட கம்பி வலையோ அடித்துவிடுங்கள்.

வெளியே விடாமல் அடைத்து வைப்பது கொடுமை இல்லையா? வெறும் நான்கு சுவருக்குள் ஒன்றும் செய்யாமல் வைத்தால் கொடுமைதான். பூனைக்கு வேண்டியது ஏறுவதற்கு உயரம், பதுங்க இடம், வேடிக்கை பார்க்க ஜன்னல், துரத்த ஏதாவது ஒன்று. அலமாரி மேல் ஒரு துணி, காலி அட்டைப்பெட்டி, குச்சியில் கட்டிய இறகு போதும். மார்பைச் சுற்றி மாட்டும் வார் வாங்கிப் பழக்கினால் மொட்டைமாடிக்கு உங்களோடு நடந்து வரும். முதல் சில நாட்கள் வாரை மாட்டியதும் சரிந்து படுத்துக்கொள்ளும்; பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நம் வீடுகளில் பூனைக்குப் பாலும் தயிர்சாதமும் வைப்பது வழக்கம். பூனை முழுக்க முழுக்க இறைச்சியுண்ணி. கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் (இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் சத்து) சோற்றில் கிடையாது, பாலோ பல குட்டிகளுக்குப் பேதியை உண்டாக்கும். 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது, பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதம் குறைந்தது. உங்கள் தோட்டத்து அணிலுக்கும் ஓணானுக்கும் இது நல்ல செய்தி. வேட்டை குறைந்தால் எலி மருந்தும் புழுவும் வயிற்றுக்குள் போகும் வாய்ப்பும் குறையும்.

கழுத்தில் மணி கட்டலாமா? அந்த ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கட்டுவதானால் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். கிளையிலோ கேட் கம்பியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த பட்டை கிடைக்கிறது, அதில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அரிசி மணி அளவிலான அடையாளச் சில்லு) வைத்தால் பட்டை தொலைந்தாலும் அடையாளம் இருக்கும். ஆனால் பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கருவியை வைத்துப் படித்தால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.

வெளியே போய் வரும் குட்டி உங்களைக் கீறினால்? உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கழுவியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். இரத்தம் வராத கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது, குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குட்டியின் ஊசிச் சீட்டையும் எடுத்துப் போங்கள். குட்டியை நாய் கடித்திருந்தால், ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்திவிடச் சொல்வார்கள். துரத்த வேண்டாம், அந்த மாதங்களில் குட்டியை வெளியே விடாமல், பச்சை இறைச்சி கொடுக்காமல் வைத்திருங்கள். டாக்சோபிளாஸ்மா (வேட்டையாடும் பூனையின் மலத்தில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் கிருமி) மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகே தொற்றும் நிலைக்கு வருகிறது. ஆகவே மலத்தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும்.

இவ்வளவு பார்த்து விட்டும் ஒருநாள் குட்டி திரும்பவில்லை என்றால் வெகுதூரம் தேடி அலையாதீர்கள். தொலைந்த பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள்தான் இருந்தன. பயந்த குட்டி கூப்பிட்டால் குரல் கொடுக்காது, அசையாமல் ஒளிந்திருக்கும். தெரு அடங்கியபின் டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். வெளிச்சம் பட்டால் கண் மின்னும். வண்டிகளுக்கு அடியில், சன்ஷேடின் மேல், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் செங்கல் அடுக்கில் பாருங்கள். நிறுத்தியிருக்கும் காரின் என்ஜின் இடுக்கிலும் ஏறிப் படுத்திருக்கலாம், ஆகவே எடுப்பதற்கு முன் முன்மூடியைத் தட்டச் சொல்லுங்கள். அன்று யாராவது கிடங்கையோ மாடி அறையையோ திறந்து மூடினார்களா என்று விசாரித்து, மறுபடி ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் அதன் படுக்கைத் துணியை விரித்துவைத்து, சாப்பாட்டு நேரத்தில் அதே ஸ்பூன் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.